கோடு போட்ட குறிப்பேடு



ஆண்டு முடிகிற நேரத்தில் கடைத்தெருப் பக்கம் போனால், மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் சுருட்டிக் கட்டிய நாட்காட்டி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறோம். மாட்டும்போதே மனத்துக்குள் சில கணக்குகள் ஓடத் தொடங்கும். கடனை அடைக்க வேண்டும். சொந்தமாக ஒரு தையற்கடையோ அச்சகமோ புகைப்படக் கடையோ தொடங்க வேண்டும். புகைப்பதை விட வேண்டும். விடியற்காலையில் எழ வேண்டும். பிப்ரவரி பிறப்பதற்குள் இவற்றுள் பாதி மறந்துபோவதும் வழக்கந்தான்.

தமக்கென ஒரு திட்டம், தம் தொழிலுக்கென ஒரு திட்டம் என்று இரண்டையும் தாளில் எழுதிவைத்து, பல ஆண்டுகள் சரிபார்த்து வந்த ஒரு மனிதரைப் பற்றி இன்று பார்ப்போம். அவர் பெஞ்சமின் பிராங்கிளின். பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தவர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அவர் எழுதிவைத்த உயிலில், தூதர் முதலான பெரிய பதவிகளுக்கெல்லாம் முன்னதாக, தம்மை ஓர் அச்சுத் தொழிலாளி என்றே குறிப்பிட்டிருக்கிறார். நாம் இன்று பேசப்போவது அந்த அச்சுத் தொழிலாளியைப் பற்றித்தான்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். இரண்டு மனைவியர்வழி பதினேழு பிள்ளைகள். ஆண் மக்களுள் இவரே கடைக்குட்டி. பள்ளிக்கூடம் சென்றது இரண்டே ஆண்டுகள். பன்னிரண்டு வயதில், அண்ணன் ஜேம்சின் அச்சகத்தில் இருபத்தொரு வயது வரை வேலை கற்க வேண்டும் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துச் சேர்த்துவிட்டார்கள். அண்ணனின் அடி பொறுக்காமல் பதினேழு வயதில் ஓடிப் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். அங்கே மாநில ஆளுநராக இருந்தவர், சொந்த அச்சகம் வைத்துத் தருவதாகவும், இலண்டனில் பொறியும் எழுத்துகளும் வாங்கக் கடன் கடிதம் தருவதாகவும் சொல்லிக் கப்பலேற்றினார். இலண்டன் போய்ப் பார்த்தால் கடிதமே இல்லை. பெரிய மனிதர் ஒருவரின் வாக்கை நம்பி வைத்த முதல் தொழில் இலக்கு இப்படி நடுக்கடலிலேயே மூழ்கியது. இலண்டன் அச்சகங்களில் கூலி வேலை செய்து, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு 1726 ஜூலையில் மீண்டும் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபது.

அந்தப் பயணம் பதினொரு வாரத்துக்கு மேல் நீண்டது. கப்பலில் அவர் தம் வாழ்க்கைக்கு ஒரு நடைமுறைத் திட்டம் எழுதினார். இதுவரை திட்டமில்லாமல் வாழ்ந்ததால் வாழ்க்கை குழம்பிய கதையாகப் போயிற்று என்பது அதன் முன்னுரையின் கருத்து. அதில் அவர் எடுத்துக்கொண்ட உறுதிகள் நான்கே. கடன் தீரும் வரை மிகச் சிக்கனமாக இருப்பது முதலாவது. யாரிடமும் நிறைவேற்ற முடியாத ஆசையைத் தூண்டாமல் உண்மையே பேசுவது இரண்டாவது. எடுத்த தொழிலில் ஊன்றி நின்று, திடீர்ப் பணக்காரனாகும் வழிகளில் மனத்தைச் சிதறவிடாமல் இருப்பது மூன்றாவது. எவரைப் பற்றியும் தீதாகப் பேசாமல் இருப்பது நான்காவது. இரண்டாவது உறுதியைப் படிக்கும்போது, அந்த ஆளுநரின் முகம் அவர் மனத்தில் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பட்ட அடியிலிருந்து பிறந்த இலக்குகள் இவை.

1728ஆம் ஆண்டில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து பிலடெல்பியாவில் சொந்த அச்சகம் தொடங்கினார். அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, குவேக்கர் என்னும் சமயப் பிரிவினரின் வரலாற்று நூலில் நாற்பது தாள்கள். கூலியோ குறைவு. நாள் ஒன்றுக்கு ஒரு தாள் கோத்து முடிப்பது என்று பிராங்கிளின் தமக்கு அளவு வைத்துக்கொண்டார். அக்காலத்து அச்சுவேலை எளிதன்று. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். அச்சடித்த பின் அவற்றைப் பிரித்து, மறுநாள் வேலைக்காக அதனதன் அறையில் போட வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் பிறகுதான் பல நாள் வேலை முடியும். ஒருநாள் இரவு, எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது ஒரு சட்டம் உடைந்து இரண்டு பக்கத்து எழுத்துகள் கொட்டிக் கலந்துவிட்டன. அவர் படுக்கப் போகவில்லை. பிரித்துப் போட்டு மறுபடி கோத்த பிறகே போனார். ஊரில் அச்சகம் மூன்றாகிவிட்டது, இந்தப் புதியது தேறாது என்று வணிகர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் கூட்டத்தில் இருந்த ஒரு மருத்துவர், இரவு நான் வீடு திரும்பும்போதும் இந்த இளைஞன் வேலையில் இருக்கிறான், அக்கம்பக்கத்தார் எழுமுன்னே மறுபடி வேலையில் இருக்கிறான் என்று எடுத்துச் சொன்னாராம். அதன் பிறகு சரக்குக் கடன் கொடுக்க ஆட்கள் தாமாகவே முன்வந்தார்கள்.

ஆனாலும் உழைப்பு மட்டும் அச்சகத்தைக் காப்பாற்றவில்லை. பொறிக்கும் எழுத்துக்கும் பட்ட கடனுக்காக வழக்கு வந்தது. கூட்டாளியோ குடிப்பழக்கத்தில் விழுந்தவர். கட்டிய அச்சகம் கைவிட்டுப் போகும் நிலையில், வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்ற இரண்டு நண்பர்கள் தனித்தனியே, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், வேண்டிய பணம் முழுவதையும் தருவதாக வந்தார்கள். பிராங்கிளின் ஒவ்வொருவரிடமும் பாதி பெற்று, கூட்டாளியின் பங்கையும் வாங்கிக்கொண்டு, 1730இல் தனியுரிமையாளர் ஆனார். இந்த இரு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் நேயர்களே.

அதே ஆண்டு டெபோரா ரீடை மனைவியாக ஏற்றார். கடையைப் பார்ப்பது, அச்சடித்த தாள்களை மடித்துத் தைப்பது, காகித ஆலைக்கு வேண்டிய பழந்துணி வாங்குவது எல்லாம் டெபோராவின் வேலை. சொந்த உழைப்பால் உயர்ந்தவர் என்று பிராங்கிளினைச் சொல்லுகிறபோது, அந்த உழைப்பில் இந்த அம்மையாரின் பங்கை நாம் மறந்துவிடக்கூடாது.

இப்போது புத்தாண்டுக்கு வருவோம். அன்றைய அமெரிக்கக் குடியேற்றங்களில் ஆண்டு மாறினால் எந்த வீட்டுக்கும் வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் ஆண்டுப் பஞ்சாங்கம். கதிரவன் எழும் நேரம், நிலவின் வளர்பிறை தேய்பிறை, கடல் ஏற்றவற்றம், நீதிமன்றம் கூடும் நாள், சந்தை நாள், வானிலைக் கணிப்பு எல்லாம் அதில் இருக்கும். வேறு நூலே இல்லாத வீட்டிலும் விவிலியத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கம் தொங்கும். இங்கே ஒரு வேடிக்கை. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் 1752க்கு முன்பு சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் நாள். பஞ்சாங்கமோ ஜனவரியில் தொடங்கும். 1752இல் சட்டத்தை மாற்றி ஜனவரி முதல் நாளையே ஆண்டுப் பிறப்பாக்கினார்கள். நாட்கணக்கைச் சரிசெய்ய அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாளுக்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று வைத்தார்கள். அதனால்தான் ஜனவரி 6 என்று பதிவான பிராங்கிளினின் பிறந்த நாளை இன்று ஜனவரி 17 என்று சொல்கிறோம்.

எந்த ஆண்டும் புதிதாக வாங்கியே தீரவேண்டிய பொருளைவிட அச்சகத்துக்கு நல்ல சரக்கு வேறென்ன இருக்க முடியும்? ஆனால் ஊரில் ஏற்கெனவே பல பஞ்சாங்கங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அதே நிலவு, அதே கதிரவன். 1732 டிசம்பரில் பிராங்கிளின் தம்முடையதை வெளியிட்டபோது சேர்த்த புதுமை, ஒரு மனிதர். ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற கற்பனைக் கணிதரை அவர் படைத்தார். தாம் ஏழை என்றும், மனைவி பெருமைக்காரி என்றும், நட்சத்திரம் பார்த்துப் பொழுதைக் கழிக்காமல் சம்பாதிக்கச் சொல்லி அவள் நச்சரிப்பதாலேயே இதை எழுதுவதாகவும் அந்த ரிச்சர்ட் முன்னுரையில் புலம்புவார். அதோடு விட்டாரா? போட்டிப் பஞ்சாங்கக்காரரான டைட்டன் லீட்ஸ் 1733 அக்டோபர் 17ஆம் நாள் பிற்பகல் 3 மணி 29 நிமிடத்துக்கு இறந்துபோவார் என்று கணித்தும் எழுதினார். லீட்ஸ் சினம்கொண்டு மறுப்பு எழுத, நல்ல மனிதரான லீட்ஸ் இப்படித் திட்டி எழுத மாட்டார், எனவே அவர் இறந்ததே உறுதி என்று அடுத்த ஆண்டு பதில் வந்தது. லீட்ஸ் உண்மையில் இறந்தது 1738இல். இந்தக் குறும்பை ஆங்கில எழுத்தாளர் ஸ்விப்ட் 1708இலேயே செய்து காட்டியிருந்தார். பிராங்கிளின் அதை எடுத்தாண்டார். நாள்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் அவர் நிரப்பிய பழமொழிகளும் பெரும்பாலும் பிறர் சொன்னவையே. அதை அவரே ஒத்துக்கொண்டார். பழையதைச் சுருக்கி, காதில் நிற்கும்படி திருத்தித் தருவதுதான் அவர் கைவேலை. அடுத்த பஞ்சாங்கத்தில் ரிச்சர்ட் என்ன சொல்லப்போகிறார் என்று மக்களைக் காத்திருக்க வைத்தது அது. ஆண்டுக்குப் பத்தாயிரம் படிகள் வரை விற்றதாக அவர் எழுதுகிறார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பு வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அந்தப் பஞ்சாங்கத்தை அவர் நடத்தினார்.

பஞ்சாங்கம் தொடங்கிய அதே 1730களின் முற்பகுதியில்தான் அவர் தம்மைத் திருத்திக்கொள்ளவும் ஒரு முறை வகுத்தார். அதுவும் ஒரு சிறு ஏடுதான். அளவான உண்டி, வீண்பேச்சின்மை, ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நடுவுநிலை, தூய்மை, அமைதி, கற்பொழுக்கம் எனப் பன்னிரண்டு பண்புகளை எழுதினார். ஒரு குவேக்கர் நண்பர், உமக்குத் தற்பெருமை அதிகம் என்று நாகரிகமாகச் சொல்லிக் காட்டியதால் பணிவு என்ற பதின்மூன்றாவதும் சேர்ந்தது. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பக்கம். சிவப்பு மையால் கோடிட்டு, மேலிருந்து கீழாக வாரத்தின் ஏழு நாள்கள், குறுக்கே பதின்மூன்று பண்புகள். தவறு நேர்ந்தால் உரிய கட்டத்தில் கரும்புள்ளி.

இந்த முறையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பதின்மூன்றையும் ஒரே நாளில் வென்றுவிட அவர் முயலவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு பண்பில் மட்டும் கண்ணாக இருப்பார். மற்றவற்றில் புள்ளி விழுந்தால் விழட்டும், குறித்துக்கொண்டால் போதும். தோட்டக்காரன் ஒரு பாத்தியில் களையெடுத்த பிறகே அடுத்த பாத்திக்குப் போவதை இதற்கு உவமையாகச் சொன்னார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரம்; எனவே ஆண்டுக்குச் சரியாக நான்கு சுற்று. புத்தாண்டு அன்று ஒருமுறை உறுதியெடுத்துவிட்டு அடுத்த புத்தாண்டு வரை காத்திருக்கும் வேலை இதில் இல்லை. தவறிய பண்பு பதின்மூன்று வாரத்தில் மறுபடி முன்னே வந்து நிற்கும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. பிறகு யானைத் தந்தத்தால் ஆன மெல்லிய ஏடுகளில் கோடுகளை நிலையாக இட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். தாம் நினைத்ததைவிடக் குறைகள் மிகுதியாக இருப்பது கண்டு வியந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் அவரை அதிகம் வாட்டியது ஒழுங்கு என்ற மூன்றாவது பண்பு. காலை ஐந்து மணிக்கு எழுவது, எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை, நடுப்பகலில் உணவும் கணக்குப் பார்ப்பதும், மீண்டும் இரண்டு முதல் ஆறு வரை வேலை, இரவு பத்து மணிக்குப் படுக்கை என்று நேர அட்டவணை போட்டார். காலையில் இன்று என்ன நன்மை செய்யலாம் என்றும், இரவில் என்ன செய்தோம் என்றும் தம்மையே கேட்டுக்கொள்வார். ஆனால் கூலிக்கு அச்சுக் கோப்பவனுக்கு இந்த அட்டவணை பொருந்தும். முதலாளிக்குப் பொருந்தாது என்பதை அவர் விரைவிலேயே கண்டார். வாடிக்கையாளர் தமக்கு வசதியான நேரத்தில் வருவார்களே தவிர, அட்டவணை பார்த்தா வருவார்கள்? சொந்தத் தொழில் செய்யும் நேயர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஒழுங்கில் தாம் தேறவே இல்லை என்று முதுமையிலும் சொன்னார். கோடரி முழுவதையும் அதன் வாய்போலவே பளபளப்பாக்க விரும்பி, சாணைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் களைத்த ஒருவன், புள்ளியுள்ள கோடரியே எனக்குப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு போன கதையை இதற்காகவே சொல்லி, தம்மையே கேலி செய்துகொண்டார். சுற்றுகளும் வரவரக் குறைந்தன. ஆண்டுக்கு ஒன்றாகி, பிறகு பல ஆண்டுக்கு ஒன்றாகி, வெளிநாட்டுப் பணிகளில் அடியோடு நின்றும் போயின. ஆனால் அந்தச் சிற்றேட்டை மட்டும் எங்கு போனாலும் எடுத்துப் போனார்.

தொழிலில் அவர் வைத்திருந்த இலக்கு என்ன? பணம் சேர்ப்பது என்று நினைத்தால் பாதிதான் சரி. 1731இலேயே தம்மிடம் வேலை பார்த்த ஒருவரைத் தென் கரோலினாவிலுள்ள சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பினார். பொறியும் எழுத்தும் பிராங்கிளினுடையவை, உழைப்பு அவருடையது, இலாபத்திலும் செலவிலும் மூன்றில் ஒரு பங்கு பிராங்கிளினுக்கு, ஆறாண்டுத் தவணை. அவர் இறந்தபின் அந்த இடத்துக்குப் போன லூயிஸ் திமோத்தி படித்தவர், ஆனால் ஒழுங்காகக் கணக்கு அனுப்பத் தெரியாதவர். 1738இல் அவரும் இறந்தபோது பொறுப்பேற்ற அவர் மனைவி எலிசபெத், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் தெளிவான கணக்கு அனுப்பி, பிள்ளைகளையும் வளர்த்து, தவணை முடிவில் அச்சகத்தையே விலைக்கு வாங்கித் தம் மகனுக்கு அமைத்துக் கொடுத்தார். ஹாலந்தில் பெண்களுக்குக் கணக்கெழுதக் கற்பிப்பார்கள், அங்கே பிறந்ததன் பயன் இது, நம் பெண்களுக்கும் இதைக் கற்பிக்க வேண்டும் என்று பிராங்கிளின் பாராட்டி எழுதினார்.

1748 ஜனவரியில் அவர் தம் அச்சகத்தின் பொறுப்பை டேவிட் ஹால் என்ற கூட்டாளியிடம் பதினெட்டு ஆண்டுத் தவணைக்கு ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. இன்னும் இருபது ஆண்டு உழைத்திருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருக்கலாம். அவர் வேண்டியது, தம் நேரம் தம் கையில் இருப்பது. மின்சார ஆய்வு, பொதுப்பணி எல்லாம் அந்த நேரத்தில் விளைந்தவை. தாம் அமைத்த கணப்படுப்புக்கு உரிமைக் காப்பு தருவதாக ஆளுநர் சொன்னபோதும் வேண்டாமென்று மறுத்தவர் அவர்.

இங்கே கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை முழுமையாகாது. அவருடைய செய்தித்தாளில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தருமாறு கேட்கும் விளம்பரங்களும் வெளிவந்தன. சில விளம்பரங்களில், விவரத்தை அச்சகத்தில் விசாரிக்கலாம் என்றும் இருக்கும். அண்ணனிடமிருந்து ஓடிவந்த பையன் நடத்திய பத்திரிகை அது! அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். 1757இல் இலண்டன் போனபோது இருவரை உடன் அழைத்துச் சென்றார். நீதி என்ற பண்புக்கு அவர் ஏட்டில் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் இந்த விளம்பரங்களுக்காக அங்கே புள்ளி விழுந்ததாகத் தெரியவில்லை. டெபோரா கதையும் இப்படித்தான். இலண்டனில் பல ஆண்டுகள் தங்கிய கணவரைக் கடைசிப் பத்து ஆண்டுகள் காணாமலேயே அவர் 1774இல் இறந்தார். நாமே வரைந்த கட்டங்களில் நமக்குத் தெரிந்த குற்றங்கள் மட்டுமே பதிவாகும் போலும். பெருமைக்காரர் என்று நண்பர் சொன்ன பிறகுதானே பணிவுக்கே ஒரு கட்டம் பிறந்தது! அடிமை வாணிகத்தைக் கண்டித்து எழுதிய குவேக்கர்களின் நூல்களை அவர் 1729லேயே அச்சிட்டுக் கொடுத்திருந்தார். அதன் பொருள் மனத்தில் ஊறப் பல ஆண்டுகள் பிடித்தன. 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமை முறைக்கு எதிரான மனு அவர் கையெழுத்துடன் அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்றது. ஏப்ரல் 17இல் இறந்தார். எண்பத்து நான்கு வயது வரை திருத்தம் முடியவில்லை.

இறப்பதற்கு முந்திய ஆண்டு, உயிலுடன் ஓர் இணைப்பு எழுதினார். அதில் இருநூறு ஆண்டுக்கு ஒரு திட்டம்! பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்குத் தலா ஆயிரம் ஆங்கிலப் பவுன். தொழிற்பயிற்சி முடித்த, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட, திருமணமான இளம் கைவினைஞர்களுக்கு 15 முதல் 60 பவுன் வரை, நூற்றுக்கு ஐந்து வட்டியில் அதைக் கடனாகத் தர வேண்டும். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு முதலைத் திருப்பிக் கட்ட வேண்டும். நல்லொழுக்கத்துக்கு இருவர் பிணை நிற்க வேண்டும். இப்படிச் செய்ததற்கு அவரே காரணம் எழுதியிருக்கிறார். இளமையில் இரண்டு நண்பர்கள் அன்புடன் தந்த கடனே தம் செல்வத்துக்கும், தம்மால் விளைந்த எல்லாப் பயனுக்கும் அடிப்படை என்றார். கோல்மனும் கிரேசுந்தான் அந்த இருவர்.

நூறு ஆண்டில் ஒவ்வொரு நிதியும் 1,31,000 பவுனாகும், இருநூறு ஆண்டில் நாற்பது இலட்சத்தைத் தாண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு அப்படியே பலிக்கவில்லை. தொழிற்சாலைகள் பெருகிப் பழைய பயிற்சி முறை மறையவே, நிபந்தனைக்குப் பொருந்தும் இளைஞர்கள் அருகிப்போனார்கள். ஆனாலும் 1990இல் தவணை முடிந்தபோது பாஸ்டன் நிதி நாற்பது இலட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. பிலடெல்பியா நிதி இருபது இலட்சம் டாலர் அளவில் இருந்தது. பாஸ்டனில் நூறாண்டு முடிவில் எடுத்த பணத்தைக்கொண்டு 1908இல் ஒரு தொழிற்கல்வி நிலையம் திறந்தார்கள். பெயர் சிறிது மாறினாலும், பிராங்கிளின் பெயரைத் தாங்கியபடியே அது இன்றும் இளைஞர்களுக்குத் தொழில் கற்பித்து வருகிறது.